தாளில் மேல்நோக்கி ஓடும் ஆறு

1

கனடாவில் நான் வந்திறங்கி மூன்று வருடம் நிறைந்த அன்று காலையில் என் தங்கை சுபா வட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வாழ்த்துப் படம் இல்லை. அவளுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. எனக்கும் தொலைபேசி ஞாபகப்படுத்தித்தான் தெரியும். அவள் அனுப்பியது ஒரு பழைய உயர்தரப் புவியியல் வினாத்தாளின் வரைபடம். கறுப்பு வெள்ளைப் பிரதி. நடுவில் வளைந்து போகும் ஆற்றின் மேல் சிவப்புப் பேனாவால் நான்கு அம்புக்குறி போட்டிருந்தாள். நான்கும் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கீழே, "ஆறு தெற்கே பாயுது. சரிதானேக்கா?"

சரியில்லை. முழுக்கத் தலைகீழ். அதைவிட வேடிக்கை, அது வேறு எந்த ஆறும் இல்லை. தலவாக்கலை டவுனைத் தொட்டுக்கொண்டு போகும் கொத்மலை ஓயா. வட்டகொடையில் இருந்து டியூஷனுக்குப் போகும்போதெல்லாம் அவள் பஸ் ஜன்னலில் பார்க்கிற ஆறு.

உயர்தரப் பரீட்சையில் சுபாவுக்கு இது மூன்றாவது தடவை. பல்கலைக்கழகம் போக மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பில்லை என்பதை ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு தடவையும் தமிழும் இந்து நாகரிகமும் கைகொடுத்தன, புவியியல் காலை வாரிவிட்டது. புவியியலிலும் குறிப்பாக அந்த வரைபடக் கேள்வி. இதற்கிடையில் எங்கள் மாமா கொழும்பில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு இடம் பார்த்துவிட்டார். கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு ஆள் தேவையாம், தங்குமிடமும் உண்டாம். இந்தத் தடவையும் புவியியல் சறுக்கினால் சுபா துணி மடிக்கப் போவாள். துணி மடிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு அது வேண்டாம். அவள் டீச்சராக விரும்புகிறாள், அதுவும் புவியியல் டீச்சராக. தன்னை இரண்டு தடவை விழுத்திய பாடத்தையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்டால், "அதுனாலதான்" என்கிறாள்.

2

எனக்குக் காலை ஏழு என்றால் அவளுக்கு மாலை ஆறரை. இங்கே விடிவதற்குள் அங்கே இருட்டிவிடும். அந்த இடுக்கில்தான் வீடியோ அழைப்பில் எங்கள் வகுப்பு.

"ஏன்டி எல்லா அம்பும் கீழ பாக்குது?"

"மேலருந்து கீழதானக்கா தண்ணி ஓடும்? இதுல என்னா கேள்வி?"

"மேலன்னா எது?"

அவள் படத்தைத் திரைக்கு முன்னால் பிடித்து, தாளின் மேல் விளிம்பை விரலால் தட்டினாள். "இந்தா. இதுதான் மேல."

"அது வடக்குடி."

"வடக்கு மேலதானக்கா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சிரிக்கிறதுன்னா நான் வைக்கிறேன்," என்றாள். வைக்கவும் வைத்துவிட்டாள். மறுபடி எடுக்க இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த இரண்டு நிமிடத்தில் என் சிரிப்பு நின்றிருந்தது. அவள் செய்த தவறு மக்குத்தனமான தவறு இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளை மட்டும் செய்யக்கூடிய தவறு.

யோசித்துப் பாருங்கள், தேயிலைத் தோட்டத்தில் யாராவது வடக்கு, தெற்கு என்று வழி சொல்லியிருக்கிறார்களா? மேல் லயம், கீழ் லயம். மேல் டிவிசன், கீழ் டிவிசன். "கோயிலுக்கு மேல", "ஸ்டோருக்கு கீழ" (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், தொழிலாளர் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம், தோட்டத்தின் பிரிவை டிவிசன் என்போம், தேயிலை ஆலையை ஸ்டோர் என்போம்). டவுனுக்குப் போவது இறங்குவது, வீட்டுக்கு வருவது ஏறுவது. கொழுந்து பறிக்கப் போவது மலைக்குப் போவது. சூரியன் உதிக்கும் பக்கம் கோயில் பூசாரிக்கும் வீடு கட்டுகிறவருக்கும் தேவை. மற்ற எல்லாருக்கும் உலகத்தில் இரண்டே திசைதான், ஏற்றம், இறக்கம். அதுவும் தப்பவே தப்பாது. மூடுபனியில் முன்னால் நிற்கிற ஆள் தெரியாவிட்டாலும் எது மேல், எது கீழ் என்று முழங்காலுக்குத் தெரியும்.

இப்படி வளர்ந்த பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இதன் மேல்பக்கம் வடக்கு என்கிறோம். அவள் காதில் விழுவது "மேல்பக்கம்" மட்டும். உடனே கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல் தாளின் தலைமாட்டில் மலையை வைக்கிறாள், கால்மாட்டில் பள்ளத்தை வைக்கிறாள். பிறகு ஆற்றுக்கு வேறு வழி ஏது?

ஆனால் எங்கள் ஆறு அப்படி ஓடுவதில்லை. ஹோட்டன் சமவெளிப் பக்கத்து உயரத்தில் பிறந்து வடக்கே இறங்குகிறது. தாளில் பார்த்தால் அடியில் இருந்து மேல்நோக்கி ஏறுகிறது. கொஞ்சம் வடமேற்கு என்று திருத்தலாம். எப்படியும் சுபாவின் நான்கு அம்பும் தண்ணீரை மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

3

நான் அவளைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது.

சஸ்கடூன் டொரொண்டோவுக்குப் பக்கமா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. விமானம் ஏறிப் போக வேண்டிய தூரம். கோதுமை வயல்களுக்கு நடுவே பாய் விரித்ததுபோல் கிடக்கிற ஊர். இங்கே நில அளவை படித்து, படித்த கையோடு ஓர் அளவை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே மேற்பார்வையாளர் ஒரு முளைக்கட்டையைக் கையில் தந்து, வடக்கு மூலையில் அடித்துவிட்டு வா என்றார். நான் அந்த வெற்றுக் காணியைச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு மூலையில் மண் சற்றே குவிந்திருந்தது, முழங்கால் உயரம்கூட இருக்காது. நேரே அங்கே நடந்து போய் அடித்தேன். பெரிய வேலையை முடித்த பெருமையோடு திரும்பிப் பார்த்தால், அவர் தலையைச் சொறிந்துகொண்டு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறார். படிப்பில் எனக்கு நல்ல புள்ளிகள். திசைகாட்டியும் பையில் இருந்தது. கால்தான் கேட்கவில்லை.

இங்கே ஆட்கள் வீட்டுக்குள்ளும் திசை சொல்கிறார்கள். சோபாவின் கிழக்குப் பக்கம், சமையலறையின் தெற்குச் சுவர். முதல் குளிர்காலத்தில் பஸ் சாரதியிடம், ஆஸ்பத்திரிக்கு மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இந்த ஊரில் இரண்டும் இல்லையே அம்மா என்றார். நல்ல மனிதர், இறங்கும் இடம் வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

விலாசத்தின் கதை தனி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் பிறந்த ஊர் விலாசம் கேட்டார்கள். கீழ் டிவிசன், தோட்டத்தின் பெயர், வட்டகொடை என்று சொன்னேன். தெருப் பெயர்? தெரு இல்லை. வீட்டு இலக்கம்? லயத்துக்கு இலக்கம் உண்டு, ஆனால் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. அப்படியென்றால் தபால் எப்படி வரும்? தோட்டத்து ஆபீசுக்கு வரும், அந்தப் பக்கமாக ஏறி வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றேன். அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அவளுடைய கணினி தெருப் பெயர் இல்லாமல் நகராது என்றது. கடைசியில் தெருப் பெயர் என்ற இடத்தில் "கீழ்" என்று ஆங்கிலத்தில் போட்டாள். கனடா அரசாங்கத்தின் கணக்கில் நான் கீழ்த் தெருக்காரி.

4

எனவே சுபாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன்.

"தாளோட விளிம்ப மறந்துரு. சமவுயரக் கோட்டுல எழுதிருக்க நம்பர மட்டும் பாரு. நம்பர் பெருசானா ஏறுற, சின்னதானா எறங்குற."

"எந்தக் கோடு சமவுயரக் கோடு, எந்தக் கோடு ஆறுன்னே வெளங்கலக்கா. எல்லாம் கறுப்பா கெடக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அசல் படத்தில் ஆறு நீலம், சமவுயரக் கோடு மண்ணிறம். சுபா இரண்டு வருடமாகப் படித்தது பிரதியின் பிரதியில். அதில் மலையும் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு. பரீட்சை மண்டபத்தில்தான் அவள் முதல் தடவையாக நிறத்தைப் பார்த்திருக்கிறாள், அதுவும் பதற்றத்தோடு.

தெளிவான படங்களாகத் தேடி எடுத்து, தலவாக்கலையில் பிரதியெடுக்கும் கடை வைத்திருக்கும் பாயிஸ் நானாவுக்கு அனுப்பினேன். நான் படிக்கும் காலத்திலும் அவரிடம்தான் பிரதி எடுத்தேன். பதிலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "என்ன புள்ள, கனடாவுல இருந்து கலர் கலரா அனுப்புற! கல்யாணப் படமாக்கும்னு ஆசையா தெறந்தேன். பாத்தா மலையும் ஆறும். சரி, தங்கச்சிய வரச்சொல்லு. நல்ல பேப்பர்ல எடுத்து வெக்கிறேன். ஆனா இந்தத் தடவை பாஸாகலன்னா நாலாவது தடவைக்கி என் கடைப்பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லு!"

சுபா அதைக் கேட்டுவிட்டு, "நாலாவது தடவையே இல்லன்னு அவருக்கு தெரியாது போல," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நிறம் வந்ததும் அவள் ஓடத் தொடங்கினாள். தாளை மேசையில் வைத்துப் பார்க்காதே, தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி வா என்றேன். தாளின் மேல்பக்கம் என்ற எண்ணமே அவளுக்கு வரக்கூடாது என்பது என் திட்டம். மூன்றாம் நாள் மஸ்கெலியாப் படத்தில் ஓர் ஓடைக்குச் சரியாக அம்பு போட்டாள். ஐந்தாம் நாள் கினிகத்தேனைப் பக்கத்துச் சரிவை, கோடுகளின் நெருக்கத்தை வைத்தே, "இதுல பஸ் ரெண்டாவது கியர்லதான் ஏறும்," என்றாள். பரீட்சைத் தமிழில் எழுத வேண்டிய விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். மனதுக்குள் எனக்கு அந்த கியர் விடையே பிடித்திருந்தது.

என் அறைத்தோழி தர்ஷா கிளிநொச்சிக்காரி. காலைச் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே எங்கள் வகுப்பை ஒட்டுக் கேட்பாள். நான் "டவுனுக்கு இறங்கிட்டு வாறேன்" என்று சொல்லும்போதெல்லாம், "எங்க இறங்கப் போறீர்? இஞ்ச இறங்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று கேலி பண்ணுகிறவள். அன்று தொலைபேசிக்குள் தலையை நீட்டினாள்.

"தங்கச்சி, உமக்கு எல்லாம் மலைப் படமாத்தானே தாறா இவ? எங்கட பக்கத்துப் படம் வந்தா என்ன செய்வீர்?"

"உங்க பக்கம் எப்பிடிக்கா இருக்கும்?"

தர்ஷா தன் ஊர் இருக்கும் வன்னிச் சமவெளியின் படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினாள். சுபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல கோடே இல்லையே. எல்லாம் ஒரே மட்டம். தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு தண்ணிக்கே எப்பிடி தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியாது," என்றாள் தர்ஷா. "குளத்தைப் பாரும். ஒரு பக்கம் மட்டும் தடிச்ச கோடு இருக்கே, அது குளக்கட்டு. வாற தண்ணியை மறிக்கத்தானே கட்டு? அப்ப கட்டு இருக்கிற பக்கம் பள்ளம். கட்டுக்கு அங்கால வயல் கிடக்கும், அதுவும் பள்ளத்திலதான். கட்டைக் கண்டுபிடிச்சீர் எண்டால் திசையைப் பிடிச்சீர்."

"அப்போ உங்க ஊர்லயும் மேல கீழ இருக்கா?"

"ஏன் இல்லாமல்? நாங்கள் உங்களை மாதிரி சத்தம் போட்டுச் சொல்லிறதில்லை."

அன்றைய வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. அவர்கள் இருவரும் குளம் குளமாகப் போனார்கள். நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். போகும் வழியில் பாலத்தின் மேல் பஸ் நின்றபோது கீழே பார்த்தேன். இந்த ஊர் ஆறும் வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது. மூன்று வருடமாகக் கடந்து போகிறேன், அன்றுதான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தேன்.

5

பரீட்சைக்கு முந்திய வாரம் அம்மா தொலைபேசியை வாங்கினார். அம்மா பேச வந்தால் சுபா அடுப்படிக்குப் போய்விட வேண்டும், அது சட்டம்.

"நீ அங்க போயி ஒக்காந்துகிட்டு படி படின்னு சொல்லிருவ. கடைக்காரரு மாமாவ கேட்டுகிட்டே இருக்காரு. ரெண்டு தடவை எழுதிட்டா. எத்தன நாளைக்கி புள்ளய தாள விரிச்சி தரையில சுத்த விடுறது?"

"ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுங்கம்மா."

"அது வரைக்கும் கடை காத்துகிட்டு இருக்குமா? வேற புள்ள வந்துரும். அப்பறம் ரிசல்ட்டும் இல்லாம, கடையும் இல்லாம இவ என்னா பண்ணுவா?"

தூரத்தில் இருக்கிறவள் நம்பிக்கை சொல்வது சுலபம். அது பொய்த்துப்போனால் அந்த வீட்டில் இருந்து சுபாவின் முகத்தைப் பார்க்கப் போவது அம்மா.

பிறகு அம்மாவே சொன்னார். "சரி. பேப்பர் எழுதிட்டு வரட்டும். வந்து அவளே சொல்லட்டும், போறாளா, இருக்காளான்னு. நீ சொல்லக் கூடாது. நானும் சொல்லல."

6

வரைபடம் இருக்கும் தாள் முடிந்த நாள் காலை தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேநீர் குடித்தேன். ஏழு மணிக்கு முன்னாலேயே அவளே எடுத்தாள்.

"அக்கா, ஒரு மலை கூட இல்லக்கா!"

"என்ன படம்?"

"எந்த ஊருன்னு தெரியல. கொளமா கெடந்துச்சி. கோடு அங்கொண்ணு இங்கொண்ணு. நாலு வாரமா நான் ஏறி எறங்குனதெல்லாம் வீணான்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "அப்பறம் தர்ஷா அக்கா சொன்ன மாதிரி கட்ட தேடுனேன். எல்லாக் கொளத்துக்கும் கட்டு தாளோட மேல்பக்கம் இருந்துச்சி. அப்போ ஆறு வடக்கதான போகணும்? அம்பு போட்டேன். போட்டுட்டுப் பாத்தா, ஆறு தாள்ல ஏறுற மாதிரியே கெடக்குக்கா. அழிச்சிட்டு மாத்திப் போட்டுருவோமான்னு ரப்பர எடுத்துட்டேன்."

"அழிச்சியா?"

"ரப்பர கைல வச்சிகிட்டு, இருந்த ரெண்டு கோட்டுலயும் நம்பர பாத்தேன். கீழ்ப்பக்கம் இருந்த கோட்டுலதான் நம்பர் பெருசு. ரப்பர பெட்டிக்குள்ள போட்டுட்டேன்."

என் பக்கத்தில் தர்ஷா ஒரு சத்தம் போட்டாள், மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

திரையில் அம்மா வந்து நின்றார். தலைத்துணியை இன்னும் அவிழ்க்கவில்லை, வேலை விட்டு நேராக வந்திருக்க வேண்டும்.

"மாமா ரெண்டு தடவை எடுத்துட்டாரு. நாளைக்கி பதில் சொல்லணுமாம். சொல்லு. போறியா, இருக்கியா?"

நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத," என்றார் அம்மா, திரையைப் பார்க்காமலே.

"கடைசிக் கேள்வில கொஞ்சம் சொதப்பிட்டேம்மா," என்றாள் சுபா. "காலநிலைக் கேள்வி. ரெண்டு காரணத்த மாத்தி எழுதிட்டேன்."

"அப்போ போறியா?"

"இல்லம்மா. போன ரெண்டு தடவையும் வெளிய வந்து, எல்லாம் நல்லா எழுதிருக்கேன்னுதான் சொன்னேன். எது தப்புன்னு எனக்கு தெரியவே இல்ல. இந்தத் தடவை எது தப்புன்னு தெரியுது. மத்தது சரின்னும் தெரியுது. நான் இருக்கேன். கடைக்கி வேற ஆள பாக்கச் சொல்லுங்க."

அம்மா அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து அங்கேயே நின்று மாமாவுக்குப் பேசினார். "தம்பி, புள்ள வரல்ல. ஆமா, அவதான் சொன்னா. கடைக்காரருகிட்ட கோச்சிக்க வேணாம்னு சொல்லு." அவ்வளவுதான். வைத்துவிட்டுச் சுபாவிடம் திரும்பினார்.

"மத்த பேப்பர் எல்லாம் முடிஞ்சதும் காலையில வெள்ளன எந்திரி. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்க வேணாம். எங்கூட மலைக்கி வா. எனக்கும் முட்டி வலிக்குது."

"வாரேன்," என்றாள் சுபா. பிறகு, "எனக்கு படங்கு இல்லையேம்மா?" என்று கேட்டாள். பனி ஈரமும் தேயிலைக் கிளைகளும் படாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற துணி அது.

"அக்காவோடது இருக்கு. ஸ்கூல் லீவுல மலைக்கி வந்தப்ப கட்டுனது. கிழியல."

இருவரும் அதைத் தேட உள்ளே போய்விட்டார்கள். தொலைபேசியை எங்கோ மல்லாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது, பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியை வைக்கவில்லை.